டூம் (1993) ரேகாஸ்டிங்கா, பிஎஸ்பியா? 486-ல் அந்த வேகம் எப்படி வந்தது?

முனைவெட்டு எழுதியது:

வணக்கம். வுல்ஃபென்ஸ்டைன் 3டி ஆட்டம் மாதிரி ஒரு சின்ன எஞ்சின் சி மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். கட்டம் போட்ட வரைபடம், எல்லாச் சுவரும் ஒரே உயரம், திரையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு கதிர் விட்டு அது எந்தச் சுவரில் முட்டுகிறது என்று பார்த்து வரைவது, வழக்கமான ரேகாஸ்டிங்தான். அடுத்து டூம் ஆட்டம் மாதிரி சாய்ந்த சுவர், படிக்கட்டு, ஜன்னல் வழியாகத் தெரியும் முற்றம் எல்லாம் வேண்டும் என்று ஆசை. இங்கேதான் குழப்பம்.

யூடியூபில் பாதிப் பேர் டூமும் ரேகாஸ்டிங்தான் என்கிறார்கள், மீதிப் பேர் இல்லை, அது பிஎஸ்பி என்கிறார்கள், இன்னும் சிலர் அது 3டியே கிடையாது, வெறும் கண்கட்டு என்று முடித்துவிடுகிறார்கள். எது சரி? அதைவிட முக்கியமாக, 1993-ல், கிராஃபிக்ஸ் அட்டை 3டிக்கு ஒரு உதவியும் செய்யாத காலத்தில், தரைக்கும் கூரைக்கும்கூட டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) ஒட்டிக்கொண்டு இன்டெல் 486 ப்ராசசர் கணினியில் இது எப்படி ஓடியது? முழுக்க அசெம்பிளியில் எழுதினார்கள் என்று என் சீனியர் ஒருவர் சொல்கிறார், அது உண்மையா?

வெறும் லிங்க் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.


பழைய_கீபோர்டு எழுதியது:

தம்பி, முதலில் சீனியர் சொன்னதை ஒதுக்கி வை. டூம் கிட்டத்தட்ட முழுவதும் சி மொழிதான். சுவரின் ஒரு நெடுவரிசையை வரையும் வளையம், தரையின் ஒரு கிடைவரிசையை வரையும் வளையம், ஃபிக்ஸட் பாயின்ட் (பின்னத்தையும் முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளும் முறை) பெருக்கல் வகுத்தல், இப்படிச் சில துண்டுகள் மட்டும் அசெம்பிளி. டூமைச் செய்த இட் சாஃப்ட்வேர்காரர்கள் அதை டாஸில் உட்கார்ந்துகூட எழுதவில்லை. நெக்ஸ்ட் கணினிகளில் எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்த்து, பிறகு வாட்காம் கம்பைலர் வழியாக டாஸுக்குக் கொண்டுவந்தார்கள், மேப் எடிட்டரும் நெக்ஸ்டில்தான் இருந்தது. அதனால் கணினியைச் சார்ந்த பகுதி தனியாகவும் ஆட்டம் தனியாகவும் பிரிந்து நின்றது. இன்றைக்குக் கண்ட கண்ட கருவியில் எல்லாம் டூம் ஓடுகிறது என்று வீடியோ போடுகிறார்களே, அதற்கு அந்தப் பிரிவு ஒரு பெரிய காரணம். (கர்ப்பப் பரிசோதனைக் கருவியில் ஓடியது என்று ஒன்று சுற்றியது, அதில் உள்ளே இருந்த சிப்பையும் திரையையும் மாற்றிவிட்டார்கள், வெளிக்கூடு மட்டும்தான் அசல்.)

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டூம் ரேகாஸ்டிங் இல்லை. நீ எழுதியிருப்பது "இந்த நெடுவரிசையில் எந்தச் சுவர் தெரிகிறது" என்று கேட்கிறது. டூம் "எனக்கு மிக அருகில் இருக்கும் சுவர் எது, அது எந்தெந்த நெடுவரிசையை அடைக்கிறது" என்று கேட்கிறது. இதற்குச் சுவர்கள் எல்லாம் அருகிலிருந்து தூரம் என்ற வரிசையில் கைக்கு வர வேண்டும், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உட்கார்ந்து வரிசைப்படுத்தினால் 486 படுத்துவிடும். அந்த வரிசையை ஏறக்குறைய இலவசமாகக் கொடுப்பதுதான் பிஎஸ்பி (பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷன், இடத்தை இரண்டிரண்டாகப் பிரிப்பது) மரம்.

வரைபடத்தை மேலிருந்து பார்த்தால் வெறும் 2டி கோடுகள். அதில் ஒரு சுவரை எடுத்து, அதன் கோட்டை இரண்டு பக்கமும் நீட்டி, மொத்த வரைபடத்தையும் இரண்டாக வெட்ட வேண்டும். குறுக்கே மாட்டுகிற சுவர் இரண்டு துண்டாகும், ஆகட்டும். ஒவ்வொரு பாதியையும் அதேபோல மறுபடி வெட்டு, உள்நோக்கி மடங்கும் மூலை எதுவும் இல்லாத சின்னத் துண்டுகள் மிஞ்சும் வரை. அப்படிப்பட்ட துண்டுக்குள் நின்று பார்த்தால் அதன் சுவர்களில் ஒன்று இன்னொன்றை மறைக்கவே முடியாது. இந்த வெட்டு வேலை முழுவதும் மேப் தயாரிக்கும்போதே முடிந்து கோப்பில் எழுதப்பட்டுவிடும், ஆட்டம் ஓடும்போது ஒவ்வொரு கிளையிலும் "கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறேன்" என்று மட்டும் கேட்டு, நிற்கும் பக்கத்தை முதலில், மறுபக்கத்தை அடுத்து என்று இறங்கினால் போதும். எங்கே நின்றாலும், எந்தத் திசையில் பார்த்தாலும் வரிசை சரியாக வரும்.

பிஎஸ்பி, டூமின் எஞ்சினை எழுதிய ஜான் கார்மாக் கண்டுபிடித்தது இல்லை. ஃபுக்ஸ், கெடெம், நெய்லர் மூவரும் 1980-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். வுல்ஃபென்ஸ்டைனை சூப்பர் நின்டென்டோவுக்குக் கொண்டுபோனபோது அந்த நோஞ்சான் ப்ராசசருக்கு ரேகாஸ்டிங் தாங்காமல், கார்மாக் பிஎஸ்பியை அங்கே பயன்படுத்தினார், அதற்கு அப்புறம்தான் அது டூமுக்கு வந்தது. பழைய முறையில் தூரத்திலிருந்து தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே வருவார்கள். டூம் முன்னாலிருந்து தொடங்கி, முழுச்சுவர் வந்த நெடுவரிசைகளை "நிரம்பியது" என்று ஒரு சின்னப் பட்டியலில் குறித்துக்கொள்கிறது. மரத்தின் ஒரு கிளை மொத்தமும் நிரம்பிய இடத்துக்குப் பின்னால் இருக்கிறதா, அந்தக் கிளைக்குள் நுழைவதே இல்லை. திரை நிரம்பிவிட்டால் மேப்பில் இன்னும் எத்தனை நூறு சுவர் இருந்தாலும் அதற்குச் செலவு கிடையாது. உன் எஞ்சினுக்கு நீ எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான், மரம் அதற்கு ஒரு வழி, அவ்வளவே.

இதற்கு ஒரு விலை உண்டு. மரம் முன்கூட்டியே வெட்டப்பட்டது என்பதால் சுவர் பக்கவாட்டில் நகர முடியாது. டூமில் கதவுகள் எல்லாம் மேலே ஏறித் திறப்பதும், லிஃப்ட் ஏறி இறங்குவதும், ஆனால் கீல் வைத்த கதவு ஒன்றுகூட இல்லாததும் அதனால்தான். 1995-ல் ரேவன் சாஃப்ட்வேர் இதே எஞ்சினில் செய்த ஹெக்ஸனில்தான் தனியாக ஒரு வித்தை செய்து சுழலும் கதவைக் கொண்டுவந்தார்கள்.


ராக்கெட்_ராணி எழுதியது:

கீபோர்டு அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் "போலி 3டி" என்கிற கேள்வியை அவர் தாண்டிப் போய்விட்டார்.

அந்தப் பேச்சு எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. டூமில் ஒவ்வொரு பொருளுக்கும் உயரம் உண்டு. ராக்கெட் மேல்நோக்கிப் பறக்கிறது, இம்ப் என்கிற அசுரன் மேடையில் நின்று கீழே எறிகிற நெருப்பு உருண்டை சரிவாக இறங்குகிறது, பள்ளத்தில் விழுகிறோம், லாஸ்ட் சோல் என்கிற பறக்கும் மண்டையோடு தலைக்கு மேல் மிதக்கிறது. இதெல்லாம் 2டியில் நடக்காது. வரைபடம் மட்டும்தான் 2டி. ஒரு புள்ளிக்கு ஒரு செக்டர் (வரைபடத்தில் கோடுகள் அடைக்கும் ஒரு பகுதி), ஒரு செக்டருக்கு ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம், ஒரு வெளிச்ச அளவு, இதுதான் சட்டம். ஒரே இடத்தில் இரண்டு தரை வைக்க வழியில்லை என்பதால் அறைக்கு மேல் அறை கிடையாது, கீழே நடந்துபோகக்கூடிய பாலம் கிடையாது.

கண்கட்டு என்று சொல்ல வேண்டுமென்றால் மோதல் கணக்கைச் சொல்லுங்கள். அசல் எக்ஸியில் (ஆட்டத்தை ஓட்டும் நிரல் கோப்பு) அசுரன்களின் உடம்பு மேலும் கீழும் முடிவில்லாமல் நீண்டிருக்கும். மேட்டின் விளிம்பிலிருந்து குதிக்கப் பார்த்தால், கீழே பள்ளத்தில் நிற்கும் ஒரு டீமன் கண்ணுக்குத் தெரியாத தூண் மாதிரி நம்மைத் தடுக்கும். ராக்கெட் வெடிப்பும் அப்படித்தான், தூரத்தை மேலிருந்து பார்த்தே அளக்கும், உயர வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காது. ராக்கெட் பறக்கும்போது மட்டும் உயரத்தைப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் ஆட்டமே ஆட முடியாது.

முனைவெட்டு, நீங்கள் கேட்ட வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. டெக்ஸ்சரைச் சரியான பார்வைக்கோணத்தில் ஒட்ட ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு வகுத்தல் வேண்டும், அந்தக் காலத்து ப்ராசசரில் வகுத்தல் என்பது ரொம்ப மெதுவான வேலை. டூமில் சுவர்கள் எல்லாம் செங்குத்து, தலையைச் சாய்க்கவும் முடியாது, ஆகவே திரையில் ஒரு நெடுவரிசையில் வரும் சுவர் முழுவதும் நம்மிடமிருந்து ஒரே ஆழத்தில் இருக்கும். நெடுவரிசைக்கு ஒரு தடவை கணக்குப் போட்டால் கீழே வரை வெறும் கூட்டல்தான். தரைக்கு இதையே படுக்கவைத்துப் பாருங்கள், ஒரு கிடைவரிசை முழுவதும் ஒரே ஆழம். இந்தச் சலுகையை எப்போது இழக்கிறோம்? சாய்தளம் வைத்தாலோ, மேலே கீழே பார்க்க விட்டாலோ. 1994-ல் வந்த ஹெரெட்டிக்கில் மேலே பார்க்கும்போது படத்தை மொத்தமாக நகர்த்தி ஏமாற்றினார்கள், நிஜமாகத் தலையைத் தூக்கவில்லை, அதனால்தான் சுவர்கள் அப்போதும் செங்குத்தாகவே நிற்கும்.

அப்புறம் "தரைக்கு டெக்ஸ்சர் போட்ட முதல் ஆட்டம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அல்டிமா அண்டர்வேர்ல்ட் 1992 மார்ச்சில், வுல்ஃபென்ஸ்டைனுக்கும் முன்னாலேயே, தரை, கூரை, சாய்தளம், மேலே கீழே பார்ப்பது எல்லாவற்றோடும் வந்துவிட்டது. ஆனால் திரையின் ஒரு பகுதியில் மட்டும் சின்னச் சன்னல், அதிலும் மெதுவாக நகரும். வரம்புகளை வைத்து வேகத்தை எடுத்ததுதான் டூம், அந்தப் பேரம்தான் எனக்கு அதில் பிடித்தது.


பழைய_கீபோர்டு எழுதியது:

ராணி சொன்ன பேரத்தில் இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன், ஏனென்றால் டூமின் தோற்றத்துக்குப் பாதிக் காரணம் வெளிச்சம், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

320×200 திரை, ஒரே நேரத்தில் 256 நிறம். இதில் இருட்டை எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு பச்சை நீலத்தையும் பெருக்கிக் குறைக்க நேரம் கிடையாது. அதனால் "இந்த நிறத்தை இவ்வளவு மங்கலாக்கினால் 256-ல் எந்த நிறம் கிட்ட வரும்" என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு 32 வெளிச்ச நிலைக்கு 32 அட்டவணை வைத்துவிட்டார்கள், ஒவ்வொன்றும் 256 பைட். வரையும்போது டெக்ஸ்சர் பைட்டை அட்டவணையில் போட்டு வருகிற பைட்டைத் திரையில் வைப்பதோடு சரி. செக்டரின் வெளிச்சமும் தூரமும் சேர்ந்து எந்த அட்டவணை என்று முடிவாகும், தூரம் போகப்போக அறை இருட்டில் கரைவது இப்படித்தான். சாகாவரம் எடுத்ததும் உலகம் வெள்ளைகறுப்பாகத் தலைகீழாவதும் அதே வரிசையில் இருக்கும் இன்னொரு அட்டவணைதான். அடிபட்டால் திரை சிவப்பாவது வேறு வழி, அங்கே ஒரு பிக்சலைக்கூடத் தொடுவதில்லை, விஜிஏ (அந்தக் காலத்துத் திரை அட்டை) அட்டையின் நிறப்பட்டியலை மட்டும் மாற்றுகிறார்கள்.

ஒரு சின்னக் குறும்பு: மேப்பில் சரியாகக் கிழக்கு மேற்காக ஓடும் சுவரை ஒரு படி மங்கலாகவும், வடக்கு தெற்காக ஓடுவதை ஒரு படி வெளிச்சமாகவும் வரைகிறது. விளக்கு எதுவும் கிடையாது, மூலைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் செய்தது. உன் எஞ்சினிலும் இரண்டே வரியில் போட்டுப் பார், உடனே வித்தியாசம் தெரியும்.

486 என்று சொல்கிறோமே, 386-லும் ஓடும், 4 எம்பி ராம் இருந்தால். ஓடும் என்றால் திரையைச் சுருக்கி, எஃப்5 தட்டிப் பாதித் துல்லியத்தில் வைத்துக்கொண்டு ஓடும். ப்ராசசரைவிடச் சில சமயம் அட்டை எந்த பஸ்ஸில் செருகியிருக்கிறது என்பதுதான் ஆளைக் கொன்றது, பழைய மெதுவான ஐஎஸ்ஏ பஸ்ஸிலிருந்து வேகமான விஎல்பி பஸ்ஸுக்கு மாறினாலே வேறு ஆட்டம் மாதிரி இருக்கும்.


முனைவெட்டு எழுதியது:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி, இரண்டு நாளாக வீடியோ பார்த்துப் புரியாதது இங்கே புரிந்தது.

இன்னொரு சந்தேகம். எஞ்சின் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று அசல் டூமுக்கே ஒரு மேப் செய்து பார்க்கிறேன். பெரிய கூடம், நடுவில் வட்டமாக இறங்கும் படிகள், ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் குறைகிறது, சுற்றிலும் மாடங்கள். ஜிஇசட்டூமில் (வரம்புகளைத் தளர்த்திய புதிய எஞ்சின்) அருமையாக ஓடுகிறது. அசலை அப்படியே பின்பற்றும் சாக்லேட் டூமில் கூடத்தின் ஒரு மூலையில் நின்று திரும்பினால் "நோ மோர் விஸ்பிளேன்ஸ்" என்று சொல்லிவிட்டு மொத்தமாக வெளியே தள்ளுகிறது. மற்ற மூலைகளில் ஒன்றும் ஆவதில்லை. இன்னொரு இடத்தில் சுவருக்குப் பதில் நான் நடந்த தடமெல்லாம் இழுத்துக்கொண்டு வருகிறது. இவை என்ன?


பழைய_கீபோர்டு எழுதியது:

இரண்டாவது சுலபம். டூம் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் திரையைத் துடைப்பதில்லை. எல்லாப் பிக்சலிலும் எப்படியும் ஏதாவது வரையப்போகிறோம், எதற்கு வீணாகத் துடைக்க வேண்டும் என்பது கணக்கு. நீ ஏதோ ஒரு சுவரின் மேல்பகுதிக்கோ கீழ்ப்பகுதிக்கோ டெக்ஸ்சர் வைக்க மறந்திருப்பாய், அங்கே புதிதாக எதுவும் வரையப்படாததால் பழைய ஃப்ரேம் அப்படியே நிற்கிறது. கண்ணாடிக் கூடம் என்று இதற்குப் பெயர். ஒரே காட்சியில் சுவர்த் துண்டுகள் 256-ஐத் தாண்டினாலும் இதேதான் வரும், ஆனால் நீ சொல்வதைப் பார்த்தால் டெக்ஸ்சர் விட்டுப்போனது போலத்தான் இருக்கிறது.

விஸ்பிளேன் கொஞ்சம் விவரமானது. டூம் சுவர்களை முன்னாலிருந்து பின்னால் வரைகிறது என்றேன் அல்லவா, அப்போது தரையையும் கூரையையும் வரைவதில்லை. "இந்த நெடுவரிசையில் இந்தப் பிக்சலிலிருந்து இந்தப் பிக்சல் வரை தரை" என்று குறித்து மட்டும் வைக்கிறது. எல்லாச் சுவரும் முடிந்த பிறகு அந்தக் குறிப்புகளை எடுத்துக் கிடைவரிசையாக மாற்றி வரைகிறது, ஏனென்று ராணி மேலே சொல்லிவிட்டார். அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் விஸ்பிளேன். உயரம், டெக்ஸ்சர், வெளிச்சம் மூன்றும் ஒன்றாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துத் தரைகள் ஒரே விஸ்பிளேனில் சேரும், ஒன்று மாறினாலும் புதியது. அதோடு ஒரு விஸ்பிளேனில் ஒரு நெடுவரிசைக்கு ஒரே ஒரு மேல் கீழ் இடம்தான். அதே தரை ஒரு மேடைக்கு முன்னாலும் பின்னாலும் தெரிந்தால் அதற்கும் இன்னொன்று போய்விடும். மொத்தம் 128 தான். தீர்ந்தால் எக்ஸி மன்னிக்காது, கதையை முடித்துவிடும்.

128 கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஒவ்வொன்றும் திரையின் அகலம் முழுவதற்கும் மேல் கீழ் எழுதிவைக்க இடம் கேட்கிறது, எல்லாம் சேர்ந்தால் 80 கேபிக்கு மேல், 4 எம்பியில் டாஸ், ஒலி, டெக்ஸ்சர் எல்லாம் இருக்க வேண்டும் என்னும்போது அது சும்மா இல்லை. 1998-ல் டீம் டிஎன்டி செய்த பூம் இந்த வரம்புகளைத் தூக்கியது, ஜிஇசட்டூம் வகையறா எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை, அதனால்தான் அங்கே உனக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் கூடத்தில் படிக்குப் படி உயரமும் மாறுகிறது, வெளிச்சமும் மாறுகிறது, மாடங்கள் வேறு. அந்த மூலையிலிருந்து எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. மாடங்களின் வெளிச்சத்தை ஒரே அளவாக்கு, பார்வையைத் தடுக்க நடுவில் ஒரு கனமான தூண் நிறுத்து. முடிந்தால் கூடத்தின் கூரையை வானமாக்கிவிடு, வானத்துக்கு மட்டும் உயரத்தையும் வெளிச்சத்தையும் கணக்கில் எடுக்காமல் ஒன்றாகச் சேர்த்துவிடும். டூம் பில்டர் என்கிற மேப் எடிட்டரில் விஸ்பிளேன் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று இருக்கிறது, எந்த இடத்தில் நின்றால் எத்தனை ஆகும் என்று நிறம் போட்டுக் காட்டும்.


ஐபிஎக்ஸ்_மாமா எழுதியது:

எல்லோரும் வரைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால் டூமின் எஞ்சினில் அழகானது வேறு இடத்தில் இருக்கிறது.

ஆட்டத்தின் கணக்கு வினாடிக்கு 35 தடவை ஓடும், விஜிஏவின் 70 ஹெர்ட்ஸில் சரிபாதி. அந்த ஒவ்வொரு துடிப்புக்கும் ஆட்டக்காரர் செய்தது எவ்வளவு முன்னால் நகர்ந்தார், பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், எந்தப் பொத்தான், அவ்வளவுதான், ஆட்டத்தைப் பதிந்து வைக்கும் டெமோ கோப்பில் இது 4 பைட். ஒரு நிமிட ஆட்டத்தைப் பதிந்தால் 8,400 பைட். அதில் அசுரன் எங்கே நின்றான், குண்டு எங்கே போனது என்று எதுவும் இருக்காது, திரும்ப ஓட்டும்போது ஆட்டமே மறுபடி ஆடப்படுகிறது, ஒரு இம்மி பிசகாமல் அதே மாதிரி. இது எப்படி முடிகிறது என்றால், முதலில் தசம எண்களே கிடையாது, எல்லாம் 16 பிட் முழு எண் 16 பிட் பின்னம் என்று ஃபிக்ஸட் பாயின்ட், ஆகவே எந்தக் கணினியிலும் ஒரே விடை. அடுத்தது தற்செயல் எண்கள். அவை தற்செயலே இல்லை, 256 எண்கள் எழுதிய ஒரு அட்டவணை, வரிசையாக எடுத்துக்கொண்டே போய் முடிந்ததும் முதலிலிருந்து. ஜோசியக் கிளி சீட்டை வரிசை மாறாமல் எடுத்துக் கொடுக்கிற மாதிரி. ஷாட்கன் சிதறுவதும் இம்ப் பிறாண்டுவதும் எல்லாம் அந்தச் சீட்டுதான்.

நான்கு பேர் நெட்வொர்க்கில் ஆடியதும் இதே தத்துவம். சர்வர் கிடையாது. எல்லாக் கணினியிலும் முழு ஆட்டமும் ஓடும், ஒருவருக்கொருவர் அந்தச் சின்ன உள்ளீட்டை மட்டும் அனுப்பிக்கொள்வார்கள், நால்வருடையதும் வந்தால்தான் அடுத்த துடிப்பு. ஒருவர் கணினி மந்தமாக இருந்தால் நால்வரும் மந்தம், அது ஒரு சாபம். முதல் பதிப்பில் இன்னொரு கூத்து, பாக்கெட்டுகளை பிராட்காஸ்டாக அனுப்பினார்கள், ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அலுவலகக் கணினியெல்லாம் அதை வாங்கிப் பார்த்துக் குப்பையில் போட வேண்டியிருந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகம், இன்டெல் மாதிரி இடங்களில் நெட்வொர்க்கில் டூம் ஆடத் தடை போட்டதெல்லாம் அந்தச் சமயத்தில்தான். பின்னால் வந்த பதிப்பில் சரிசெய்தார்கள்.

ஆனால் இதையும்விட, டூம் இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் வாட் கோப்பு. வுல்ஃபென்ஸ்டைனுக்கு ரசிகர்கள் மேப் செய்தபோது அசல் கோப்பின் மேலேயே எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, டூமில் மேப், டெக்ஸ்சர், ஒலி எல்லாவற்றையும் எக்ஸிக்கு வெளியே ஒரு வாட் கோப்பில் வைத்தார்கள், உன் கோப்பை அதன்மேல் அடுக்கினால் ஒரே பெயர் உள்ளதை மட்டும் மாற்றிக்கொள்ளும், அசலுக்குச் சேதமில்லை. 1994-லேயே ரசிகர்கள் எழுதிய எடிட்டர் வந்துவிட்டது. இலவச ஷேர்வேர் பதிப்பில் வெளிக் கோப்பு போட முயன்றால் "பதிவு செய்" என்று எக்ஸி திட்டும், வியாபாரத்தையும் விடவில்லை. 1997 டிசம்பரில் மூல நிரலையும் கொடுத்தார்கள். பிஎஸ்பி இல்லாமல் வேறு ஏதாவது வைத்திருந்தாலும் டூம் டூமாகத்தான் இருந்திருக்கும், வாட் இல்லாமல் மூடி வைத்திருந்தால் அல்டிமா அண்டர்வேர்ல்ட் மாதிரி நான்கு பேர் மட்டும் பேசிக்கொண்டிருப்போம்.


ராக்கெட்_ராணி எழுதியது:

மாமா, அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். வாட் திறந்திருந்ததால் மட்டும் ஆயிரக்கணக்கில் மேப் வரவில்லை, மேப் செய்வது சுலபமாக இருந்ததால் வந்தது. அது ஏன் சுலபம்? மேலிருந்து 2டியில் கோடு போட்டு, அறைக்கு உயரம் கொடுத்தால் முடிந்தது என்பதால். அந்த 2டி எங்கிருந்து வந்தது? நாம் மேலே பேசிக்கொண்டிருந்த அதே வரையும் முறையிலிருந்து. 1996-ல் க்வேக் வந்தபோது அதுவும் திறந்துதான் இருந்தது, மூல நிரல்கூட 1999-ல் வந்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு அறை கட்ட முப்பரிமாணத்தில் கட்டி கட்டியாக அடுக்க வேண்டும், பிறகு எங்கிருந்து எது தெரியும், விளக்கு எங்கே விழும் என்று கணினி உட்கார்ந்து கணக்குப் போட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு பள்ளி மாணவன் மாலையில் உட்கார்ந்து ராத்திரிக்குள் ஒரு டூம் மேப் முடித்து நண்பனுக்குக் கொடுக்கலாம். க்வேக்கில் அந்த வேகம் வராது.

டெமோ விஷயத்தில் மட்டும் மாமாவுக்கு ஒரு கூடுதல் தகவல். நேராக ஓடுவதையும் பக்கவாட்டில் நகர்வதையும் டூம் தனித்தனியாகக் கூட்டும், மொத்த வேகத்துக்கு உச்சவரம்பு வைக்காது. ஆகவே குறுக்காக ஓடினால் நேராக ஓடுவதைவிட வேகம் கூடும். சாதாரணக் குறைபாடு. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்தையும் டெமோவாகப் பதிந்து யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதால் அதை வைத்தே ஸ்பீட்ரன் (யார் சீக்கிரம் முடிப்பது என்கிற போட்டி) என்று ஒரு உலகமே வந்துவிட்டது.


முனைவெட்டு எழுதியது:

மாடங்களின் வெளிச்சத்தை ஒன்றாக்கி, கூரையை வானமாக்கினேன், சாக்லேட் டூமில் இப்போது நிற்கிறது. டெக்ஸ்சர் விட்டுப்போன இடமும் கிடைத்துவிட்டது, ஒரு படியின் கீழ்ப்பகுதி.

கடைசியாக ஒன்று, என் எஞ்சினுக்கு இந்த மரம் வெட்டும் நிரலை நானே எழுத வேண்டுமா? எந்தச் சுவரை வைத்து வெட்டுவது என்று எப்படித் தேர்ந்தெடுப்பது?


பழைய_கீபோர்டு எழுதியது:

இப்போதைக்கு எழுதாதே. மரத்தை வெட்டுவதும் அதை வைத்து வரைவதும் இரண்டு தனி வேலை, இரண்டிலும் ஒரே நேரத்தில் தப்பு இருந்தால் எங்கே தப்பு என்று தெரியாமல் மண்டை காயும். ஷேர்வேர் வாட்டையோ ஃப்ரீடூம் என்கிற இலவச வாட்டையோ எடுத்து, அதில் ஏற்கனவே வெட்டி வைத்திருக்கும் மரத்தைப் படி.

கோப்பின் தலைப்பு 12 பைட். வகை 4, எத்தனை லம்ப் (உள்ளே இருக்கும் ஒவ்வொரு தரவுத் துண்டு) என்பது 4, பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பது 4. பட்டியலில் ஒவ்வொரு லம்புக்கும் 16 பைட், இடம், அளவு, 8 எழுத்துப் பெயர். மேப்பின் பெயருக்குப் பின்னால் வருகிற லம்புகளில் வெர்டெக்ஸ் (புள்ளி) 4 பைட், லைன்டெஃப் (கோடு) 14, சைட்டெஃப் (கோட்டின் ஒரு பக்கம்) 30, செக்டர் 26, செக் (வெட்டுப்பட்ட சுவர்த் துண்டு) 12, சப்செக்டர் (வெட்டி முடிந்து மிஞ்சும் சின்னத் துண்டு) 4, நோட் (மரத்தின் ஒரு வெட்டு) 28. மரத்தின் வேர் கடைசி நோட், முதலாவது அல்ல. குழந்தை எண்ணின் உச்ச பிட் 1 ஆக இருந்தால் அது நோட் இல்லை, சப்செக்டர், அந்த பிட்டை அகற்றிவிட்டு மீதியை எண்ணாக எடுத்துக்கொள்.

முதலில் 3டி எதுவும் வேண்டாம். மேலிருந்து வரைபடத்தைக் கோடுகளாக வரைந்து, உன் இடத்திலிருந்து மரம் எந்த வரிசையில் சப்செக்டர்களைக் கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாக நிறம் ஏற்றிப் பார். அந்த வரிசை சரியாக வந்தால் முழுச்சுவர்களை மட்டும் வரை, ஜன்னலும் படியும் அதற்கடுத்து, தரை எல்லாவற்றுக்கும் கடைசியில். வெட்டும் சுவரைத் தேர்ந்தெடுப்பது பற்றி அப்புறம் பேசலாம், சுருக்கமாகச் சொன்னால் குறைவான சுவர்களைத் துண்டாக்கி இரண்டு பக்கமும் ஓரளவு சமமாக விழுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு நல்லதை எடுப்பார்கள். உன் வட்டப் படிக்கட்டு மேப்பை அனுப்பி வை, அது நிறைய துண்டாகும், சோதிக்க நல்ல மேப்.